குண்டிக்காயில் மை ஏற்றியதும் பையிலிருந்து குளுக்கோஸ் கசிந்ததும்

கடலூர் மஞ்சக்குப்பத்துக் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை குண்டிக்காய், அதாவது ஆட்டின் சிறுநீரகம், கேட்டு வருபவர்கள் உண்டு. குழாயை ஒட்ட நறுக்காமல், சுற்றியிருக்கும் கொழுப்போடு முழுசாக வேண்டும் என்று கேட்பவன் நான் ஒருவன்தான். “வறுவலுக்குக் குழாய் எதற்குத் தம்பி?” என்றார் பாய். ஆராய்ச்சிக்கு என்றேன். விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுகிறது என்று பள்ளியிலிருந்தே ஒப்பித்து வருகிறோம். அந்த வடிகட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. இத்தாலியரான மால்பீகி 1666-இல் தமனி வழியாகக் கறுப்புத் திரவத்தைச் செலுத்தித்தான் அந்த நுண்ணிய உருண்டைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நானும் அந்த வழியிலேயே இறங்கினேன்.

முதலில் கொழுப்பை உரித்து, குழிவான பக்கத்தில் தமனியைத் தேட வேண்டும். சிரையின் சுவர் தளர்ந்து மடிந்து கிடக்கும். தமனியின் வாய் வெண்மையாக, வட்டமாகத் திறந்தே நிற்கும். ஊசி கழற்றிய சிரிஞ்சின் முனையைத் தமனியில் நுழைத்து, நூலால் கட்டி, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரால் உறைந்த இரத்தத்தைக் கழுவினேன். பிறகு மை. பேனா மை கரைந்த சாயம். எல்லா இடத்திலும் ஊறிவிடும். படம் வரையும் கறுப்பு மையில் இருப்பவை கரித்துகள்கள். அவை குழாய்களுக்குள்ளேயே நிற்கும். மெதுவாக அழுத்த, மேற்பரப்பு திட்டுத்திட்டாகக் கறுத்தது.

நீளவாக்கில் பிளந்தால் இரண்டு நிலங்கள். வெளிப்பக்கம் புறணி, உள்ளே கோடுகோடாக ஓடி ஒரே முகட்டில் வந்து சேரும் மெடுல்லா. மனிதச் சிறுநீரகத்தில் இப்படிக் கூம்புகளாகப் பல பிரமிடுகள் உண்டு. ஆட்டுக்கு இந்த ஒற்றை முகடுதான். சவரப் பிளேடால் புறணியில் ஒரு சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து லென்ஸில் பார்த்தேன். கேழ்வரகைவிடப் பலமடங்கு சிறிய கரும்புள்ளிகள், மெல்லிய காம்புகளின் நுனியில்! மெடுல்லாவில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிளாமருலஸ், அதாவது தந்துகிகளின் முடிச்சு. மனிதனில் ஒன்றின் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர், ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கின்றன.

இந்த முடிச்சின் சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. மற்ற இடங்களில் தந்துகியை விட்டு இரத்தம் சிரைப் பக்கம் போகும். இங்கே அது இன்னொரு நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. அந்த வாசல் இறுக்கமானது. அதனால் உள்ளே சுமார் 55 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் நிற்கிறது. இரத்தப் புரதங்கள் நீரைத் திரும்ப இழுப்பதில் 30, சுற்றியிருக்கும் பௌமானின் கிண்ணத்தின் எதிர் அழுத்தத்தில் 15 போக, மிச்சம் வெறும் 10. இந்தப் பத்தை வைத்துத்தான் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான்.

அடுத்தது சல்லடை. புதுச்சேரியில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் சிறிய மூலக்கூறுகளை மட்டும் கசியவிடும் டயாலிசிஸ் செலோஃபேன் குழாய் கிடைத்தது. முட்டை வெள்ளைக்கருவையும் குளுக்கோஸ் பொடியையும் உப்பு நீரில் கலந்து அதில் கட்டி, டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். (அடுப்படிச் சர்க்கரை உதவாது, சோதனைப் பட்டைக்குக் குளுக்கோஸ்தான் தெரியும்.) இங்கே அழுத்தம் கிடையாது, வெறும் பரவல்தான், ஆனாலும் எது புகும், எது புகாது என்பதைக் காட்டப் போதும். சில மணி நேரம் கழித்து, மருந்துக்கடையில் வாங்கிய சிறுநீர்ப் பட்டையை வெளித்தண்ணீரில் நனைத்தேன். புரதக் கட்டம் மஞ்சளாகவே இருந்தது, அதாவது புரதம் வெளியே வரவில்லை. குளுக்கோஸ் கட்டம் நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு பழுப்புக்கும் போனது, குளுக்கோஸ் கசிந்துவிட்டது.

என் சிறுநீரிலோ இரண்டு கட்டமும் அசையவில்லை. ஏன்? வடிகட்டி என்ற சொல்லோடு நாம் நின்றுவிடுவதில்தான் எனக்குக் குறை. கிளாமருலஸ் பெரிய புரதங்களையும் அணுக்களையும் மட்டும் தடுக்கிறது. உப்பு, யூரியா, குளுக்கோஸ், அமினோ அமிலம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் இப்படிப் போகிறது. அதைத் தொடர்ந்து வரும் சுருண்ட நுண்குழல்தான் குளுக்கோஸ் முழுவதையும், சோடியத்திலும் நீரிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. என் பை வேலையின் முதல் பாதியோடு நின்றுபோன சிறுநீரகம்.

அப்பா சர்க்கரை நோய்க்கு டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் சிறுநீரில் பட்டையை நனைத்ததும் நல்ல பழுப்பு. சர்க்கரை எகிறிவிட்டதா என்று பதறினார். காலையில் குளுக்கோமீட்டர் காட்டிய அளவு சரியாகத்தான் இருந்தது. நுண்குழலில் குளுக்கோஸை மீட்கும் முக்கியமான கடத்திப் புரதத்தைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை என்று விளக்கினேன். “காசு கொடுத்துச் சர்க்கரையை வீணடிக்கிறேன் என்று சொல்” என்றார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பட்டைப் புட்டியின் மூடியை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். கடலூர் உப்புக்காற்றில் ஈரம் ஏறினால் கட்டங்களின் நிறத்தை நம்ப முடியாது.