மோசல் சரிவில் ஒரு குடும்பப் பண்ணை

எங்கள் ஊரில் திராட்சை என்றால் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைக் கொடியைத் தலைக்கு மேலே படர விடுவோம். கவாத்து செய்யும், அதாவது கொடியை வெட்டிவிடும் நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைப்பதால், வருடம் முழுக்க எங்காவது அறுவடை நடந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு குடும்ப ஒயின் பண்ணையில் வேலை கிடைத்தது. அங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை. அது தவறினால் அந்த வருடமே போச்சு.

நிலம் முழுக்க மலைச்சரிவு. ப்ரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை சாய்ந்திருக்கும். எங்கள் சரிவு அவ்வளவு இல்லை. ஆனாலும் டிராக்டர் ஏறாது. பாரத்தை ஒற்றைத் தண்டவாள வண்டி இழுத்துக்கொண்டு போகும், மற்றதெல்லாம் கைவேலை. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கம்பு. கவாத்தில் விட்டுவைத்த இரண்டு தண்டுகளை இதய வடிவில் வளைத்து அதில் கட்டுவோம். குறுக்கே கம்பி இல்லாததால் சரிவில் எந்தப் பக்கமும் நடக்கலாம்.

மண் என்று சொல்ல அதிகம் இல்லை. காலடியில் சிலேட்டுக் கல்தான். பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் மெதுவாக விடும் அந்தக் கல் இல்லாவிட்டால், அத்தனை வடக்கே ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுப்பது கஷ்டம். மழையில் கீழே சரிந்த கல்லை மறுபடி மேலே கொண்டுபோய்ப் போடுவதும் எங்கள் வேலையில் சேர்த்தி.

ஆகஸ்டில் பச்சைக் கொத்துகளை வெட்டிக் கீழே போடச் சொன்னார்கள். கிலோ கணக்கில் விற்றுப் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு மனசு ஆறுமா? மிஞ்சிய கொத்துக்கு இனிப்பும் சுவையும் கூடும், காற்றோட்டம் கிடைக்கும் என்று ஓமா விளக்கினார். (வீட்டின் பாட்டியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.) அக்டோபரில் அதே கொடிக்குத் திரும்பத் திரும்பப் போனோம். முதலில் காபினெட் என்ற லேசான ஒயினுக்கு, பிறகு நன்றாகக் கனிந்தது ஷ்பேட்லேஸ் என்ற அடுத்த தரத்துக்கு. ஒயினுக்கு நன்மை செய்யும் ஒரு பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பழங்களுக்குத் தனி வாளி. சர்க்கரை அளவைக் கருவி காட்டும். ஆனாலும் ஓமா விதையைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் எந்தத் துண்டு நிலத்தில் அறுவடை என்று சாப்பாட்டு மேசையில் சொல்வார். ஒயினின் தரம் பாதாள அறையில் உருவாகிறது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலானது சரிவிலேயே முடிவாகிவிடுகிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

அவர்களிடம் ஒட்டுக் கட்டாத கிழட்டுக் கொடிகள் ஒரு துண்டு நிறைய உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பைலோக்சீரா என்ற பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு, பெரும்பாலான இடங்களில் அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். சிலேட்டு நிலத்தில் அந்தப் பூச்சிக்கு வசதி குறைவு. அதனால் மோசலில் சொந்த வேரில் நிற்கும் கொடிகள் இன்னும் இருக்கின்றன. அவை காய்ப்பது கொஞ்சம்தான். கணக்குப் பார்த்தால் பிடுங்கிவிடலாம். அவர்கள் பிடுங்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆள் கிடைக்காமல் பக்கத்துச் சரிவுகள் சில புதர் மண்டிக் கிடக்கின்றன. அதனால் ஓமாவின் மகள் ஒரு சரிவைக் குறுக்குப் படிகளாக வெட்டி, சிறிய இயந்திரம் போக வழி செய்ய நினைத்தார். கொடிகளின் எண்ணிக்கை குறையும் என்று ஓமா பல நாள் வாதாடினார். எனக்கு மகள் சொன்னதே சரியென்று பட்டது. குனிந்து ஏறி வேலை செய்த முதுகுக்குத் தெரியும். கடைசியில் கிழட்டுக் கொடித் துண்டை அப்படியே விட்டுவிட்டு, அதை ஒட்டிய சரிவில் மட்டும் படி வெட்ட இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.