கைவைத்தது எது, குறித்துக்கொண்டது எது? – நெட் உளவியல் அனுபவம்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் முடிவு முந்தாநாள் வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எப் இல்லை. இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டையும் கெடுத்தது ஃபிராய்டும் அல்ல, புள்ளியியலும் அல்ல. சாரா மாறி (சோதனையில் ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது). இளங்கலை முதலாண்டுப் பாடம்தானே என்று புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பயிற்சி மையக் குறிப்பில் ‘காரணம் சாரா மாறி, விளைவு சார்ந்த மாறி’ என்று ஒரே வரி. அதை நம்பித்தான் கவிழ்ந்தேன். உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. ‘நொறுங்க மோதின’ என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், ‘தொட்டுக்கொண்டன’ என்று கேட்டால் சுமார் 32. வேகம்தானே விபத்துக்குக் காரணம்! அதனால் தேர்வில் வேகமே சாரா மாறி என்று குறித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அதன்பிறகு காரணம், விளைவு என்ற பேச்சையே விட்டொழித்தேன். ஆய்வாளர் எதில் கைவைத்தார்? நோட்டில் எதைக் குறித்துக்கொண்டார்? இவ்வளவுதான் கேட்டுக்கொள்வேன். இங்கே கைவைத்தது வினைச்சொல்லில்; அது சாரா மாறி. குறித்துக்கொண்டது மாணவர் சொன்ன வேகத்தை; அது சார்ந்த மாறி. நாற்பது சோதனைகளை அட்டைகளில் இப்படியே இரு பத்தியாக எழுதினேன். வேறு எதுவும் எனக்கு உதவவில்லை.

மற்றவை சுருக்கமாக:

- லாஃப்டஸ் சோதனையில் வினைச்சொற்கள் ஐந்து என்பதால் மாறிகள் ஐந்து ஆகிவிடாது. மாறி ஒன்று, நிலைகள் ஐந்து. 2×3 வடிவமைப்பில் (ஒரு மாறிக்கு இரண்டு நிலை, இன்னொன்றுக்கு மூன்று) சாரா மாறிகள் இரண்டு, நிபந்தனைகள் ஆறு. இரண்டையும் மூன்றையும் கூட்டி 5 என்று விடையளித்த புண்ணியவானும் நான்தான்.
- பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்துக் குழந்தைகளும் அப்படியே செய்கிறார்களா என்று பார்த்த பண்டூராவின் 1961 சோதனையில், முன்மாதிரியாக வந்தவர் ஆணா பெண்ணா என்பது ஆய்வாளர் கையில் இருந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பது இல்லை. கூற்று–காரண வினாக்களில் இங்கேதான் சறுக்கும்.
- ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித், 1959: சலிப்பான வேலையைச் சுவையானது என்று அடுத்தவரிடம் பொய் சொல்லத் தந்த 1 டாலரும் 20 டாலரும் நிலைகள். அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்று பங்கேற்பாளர் தந்த மதிப்பீடே சார்ந்த மாறி.
- குழுவாகப் படிக்காதீர்கள். பாதி நேரம் கட்-ஆஃப் புலம்பலிலேயே போய்விடும்.

ஜேஆர்எப்புக்காக டிசம்பரில் மறுபடி எழுதுவதாக இருக்கிறேன். அட்டைகளை எடைக்குப் போடவில்லை.