தோளில் போன ஜெனரல்

பாரிஸில் எங்களுக்கு அது கடைசி நாள். விடிந்ததிலிருந்தே தூறல். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாடகர்களையும் எழுத்தாளர்களையும்தான் தேடுகிறார்கள். நான் தேடிப் போனது 28-ம் பிரிவில் இருக்கும் ஜெனரல் மாக்சிமிலியன் ஃபுவாவை.

மேட்டுப்பாங்கான இடம். கல் பாவிய பாதை மழையில் வழுக்கியது. மெதுவாக ஏறிப் போனால், தூண்கள் தாங்கும் ஒரு மண்டபத்துக்குள் அவர் நிற்கிறார். சிற்பி தவீத் தான்ஜே அவருக்கு ராணுவ உடுப்பு போடவில்லை. பழைய ரோமாபுரிப் பேச்சாளர்போல மேலாடை போர்த்தி நிறுத்தியிருக்கிறார். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. நெப்போலியனின் படையில் போரிட்டு வாட்டர்லூவில் காயம்பட்டவர்தான். ஆனால் 1819-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகு, பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவும் அரசியல் சாசனம் தந்த உரிமைகளுக்காகவும் எழுந்த அவருடைய குரலைத்தான் ஜனங்கள் நெஞ்சில் வைத்திருந்தார்கள்.

கீழே உள்ள புடைப்புச் சிற்பங்களில் ஒன்று அவருடைய இறுதி ஊர்வலம். குனிந்து பார்த்தேன். வண்டி இல்லை, குதிரை இல்லை. இளைஞர்கள் பெட்டியைத் தோளில் சுமந்து வருகிறார்கள். மழைநீர் அந்தக் கல்முகங்கள்மேல் வழிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து நகர எனக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.

1825 நவம்பர் 28 அன்று இதயநோயால் இறந்தபோது அவருக்கு 50 வயது. இரண்டு நாள் கழித்து நடந்த அடக்கத்துக்கு, கொட்டும் மழையில் சுமார் 1 லட்சம் பேர் வந்தார்கள். அன்றைக்கு பிரான்ஸ் முழுவதிலும் ஓட்டுரிமை இருந்தவர்களே ஏறத்தாழ அவ்வளவு பேர்தான். வருடத்துக்கு 300 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. அப்படியானால் மழையில் நடந்த கூட்டத்தில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு இருந்திருக்காது. அன்றைய மன்னர் பத்தாம் சார்ல்ஸின் ஆட்சியில் கூட்டம் கூடவும் வழியில்லை. சவ ஊர்வலத்தை யார் தடுக்க முடியும்? அவர்களுக்குக் கிடைத்த ஒரே வாக்குச்சாவடி இந்தக் கல்லறைதான் என்று எனக்குத் தோன்றியது.

இருட்டிய பிறகு, தீப்பந்த வெளிச்சத்தில், குழிக்கரையில் நின்று, ஃபுவாவோடு நாடாளுமன்றத்தில் இருந்த கசிமிர் பெரியே பேசினார். ஜெனரல் பெரிய சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் பிள்ளைகளை இனி தேசம் பார்த்துக்கொள்ளும் என்றார். சொன்னபடியே நடந்தது. ஊரெல்லாம் வசூல் நடந்து, 10 லட்சம் பிராங்க் அளவுக்குச் சேர்ந்தது. இந்த மண்டபமும் மக்கள் தந்த பணத்தில் எழும்பியதுதான்.

அப்புறம் 1827-ல், ஃபுவாவின் நாடாளுமன்றத் தோழரான மனுவேல் இறந்தார். இந்த முறை பெட்டியைத் தோளில் சுமக்கக் கூடாது என்று போலீஸ் தடை போட்டது. தள்ளுமுள்ளே நடந்தது. அவருடைய சமாதியும் இதே 28-ம் பிரிவில்தான் இருக்கிறது. மழை வலுத்துவிட்டது, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயும் போனேன்.