கேபினெட் சுள்ளென்று இழுத்தால்

"அண்ணே, சிபியு மேல கை பட்டா சுள்ளுன்னு இழுக்குது." கணினி பழுது பார்ப்பவர்கள் ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் அடிக்கடி கேட்கும் புகார். கூடவே ஒரு வைத்தியமும் வரும்: செருப்பு போட்டு உட்கார்ந்தால் தெரியாதாம். தெரியாதுதான். ஆனால் கரண்ட் அங்கேயேதான் இருக்கும்.

சிபியுவுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் வந்து கேபினெட்டின், அதாவது சிபியு பெட்டியின், இரும்பில் சேரும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டிலேயே நிற்கும். பாயும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுள்ளென்று இழுப்பதோடு போகிறது. பயம் அதைப் பற்றியதல்ல. நாளைக்கு உள்ளே பேஸ் வயரின் உறை உருகி இரும்பில் பட்டால் முழு 230 வோல்ட்டும் வெளியே வரும். எர்த் இல்லாததால் ஃபியூஸும் போகாது. தொடுகிறவர் உடம்புதான் வழியாகும்.

எர்த் அறுந்துபோகும் இடங்கள் பழகியவைதான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் மலிவான அடாப்டர், எர்த் ஓட்டை பெயருக்கு மட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், "சொருக மாட்டேங்குது" என்று வெட்டிவிட்ட தடித்த பின். அந்தப் பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது எர்த் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் விடும்.

மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து, பிளக் பாயிண்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். பேஸ்-நியூட்ரல் 230 அளவில் இருக்கும். பேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். 60, 90 என்று தத்தளித்தால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட் இருக்கலாம். கணினிகள் எல்லாம் ஓடும்போதும் அது அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் சுவிட்ச் போர்டைத் திறந்தே பார்க்க வேண்டும். நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரை லூப் போட்டிருக்கலாம். மீட்டர் "எர்த் இருக்கு" என்று பொய் சொல்லும். நியூட்ரல் அறுந்த அன்று கேபினெட் முழுக்க பேஸ் ஏறும். எர்த்தே இல்லாததைவிட மோசமான வேலை இது. அந்த லூப்பைக் கண்டால் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றாமல் நகரக் கூடாது.

சரிசெய்வது எலக்ட்ரீஷியன் வேலை: எர்த் குழியிலிருந்து போர்டு வரை தனி எர்த் வயர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்). கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கேபினெட்டின் பின்புறம், பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ ஒன்றில் டெஸ்டரை வையுங்கள். பெயின்ட் மேல் வைத்தால் எரிய வேண்டியதும் எரியாது. ஸ்க்ரூவில் வைத்தும் எரியாவிட்டால்தான் சரி.