கிருஷ்ணகிரிச் சாலையோரத்தில் லாரிச் சரக்குக் கணக்கெடுப்பு: எங்கள் அனுபவம்

சாலையோரத்தில் லாரிகளை நிறுத்தி, என்ன சரக்கு, எங்கே ஏற்றியது, எங்கே இறங்கப் போகிறது என்று ஓட்டுநரிடமே கேட்டு எழுதும் கணக்கெடுப்பை கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நடத்தி முடித்திருக்கிறோம். களப்பணியின் மேற்பார்வை என் பொறுப்பு. இந்த வேலைக்குத் தயாராகும் குழுக்களுக்கு, விதிமுறைப் புத்தகங்களில் கிடைக்காத சில விஷயங்கள் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமாகிவிட்ட பிறகும் இப்படி ஒரு கணக்கெடுப்பு எதற்கு என்று பலரும் கேட்டார்கள். சுங்கச்சாவடிக் கணக்கு எத்தனை வண்டி போனது, எந்த வகை வண்டி என்று சொல்லும். உள்ளே இருந்தது கிரானைட்டா, தக்காளியா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று சொல்லாது. லாரி நிறுத்துமிடம் எங்கே தேவை, புறவழிச்சாலை போட்டால் எந்த வண்டிகள் அதில் போகும் என்று முடிவெடுக்க அந்தப் பதில்தான் வேண்டும். அது ஓட்டுநரிடம் மட்டுமே இருக்கிறது.

முதல் வேலை வரைபடத்தில். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேர்ந்தே வரும் 44, 48 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில் பிரிகின்றன. 44 தர்மபுரி, சேலம் என்று கன்னியாகுமரி வரை போகிறது. 48 பர்கூர், வாணியம்பாடி வழியாகச் சென்னைக்குப் போகிறது. குப்பம் பக்கமிருந்து ஒரு சாலையும், ஊத்தங்கரை, திருவண்ணாமலை பக்கமிருந்து இன்னொன்றும் வந்து சேர்கின்றன. இவ்வளவும் கூடும் ஊரின் நடுவே ஒரே ஓர் இடத்தில் நின்று எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஓசூரிலிருந்து சேலம் போகிற வண்டி கிருஷ்ணகிரிக்கு வராமலே போக முடியும். ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டையில் 44-ஐப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்று, பர்கூர்ச் சாலையில் ஒன்று, பாலக்கோடு சாலையில் ஒன்று என்று நிலையங்களைப் பிரித்தோம். ஒரே வண்டி இரண்டு நிலையங்களில் பதிவாகிவிடக் கூடாது என்பதால், "இன்று வேறு எங்காவது எங்கள் ஆட்கள் நிறுத்தினார்களா?" என்ற கேள்வியைப் படிவத்தின் தலையிலேயே வைத்தோம்.

அனுமதிக் கடிதங்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சாலையைப் பராமரிப்பவர்கள் என்று மூன்று தரப்பு. ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் மேசை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நிலையம் அமையும் கிலோமீட்டர் கல்லின் எண், தேதி, நேரம், தேவைப்படும் காவலர்களின் எண்ணிக்கை, தடுப்புக் கூம்புகள் வைக்கும் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து இணைத்த பிறகே கோப்பு நகர்ந்தது. போக்குவரத்துக் காவலர் இல்லாமல் ஒரு லாரியைக்கூட நிறுத்தக் கூடாது. சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரம் நமக்குக் கிடையாது. நிறுத்த முயல்வது உயிருக்கே ஆபத்து.

இடத்தைத் தேர்ந்தெடுக்க இரவிலும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்தில் நிலையம் வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது நான் அடியோடு மறுத்தேன். சேலம் நோக்கிய அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுமையோடு இறங்கும் லாரியை அங்கே கைகாட்டி நிறுத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை. சமதளம், நேரான சாலை, நான்கைந்து வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம், நிலையத்தைத் தொலைவிலிருந்தே ஓட்டுநர் பார்க்கும் வசதி, இந்த நான்கும் இருந்தால் போதும். வண்டிகள் ஏற்கெனவே வேகம் குறைத்து வரும் இடமாகவும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தை எந்தப் பயிற்சியிலும் அழுத்திச் சொல்வதில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டி இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துப் பேச ஆசைப்பட்டு வலப்பக்கம் போனால், பேட்டி எடுப்பவர் பின்னால் வரும் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையில் நிற்பார். எனவே கிளீனர் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி எட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பதில் சொல்கிறார். அவருக்கு அது எவ்வளவு தொல்லை என்று புரிந்தால், கேள்விகளைக் குறைக்கத் தானாகவே மனம் வரும். நாங்கள் எல்லாக் கேள்விகளையும் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் அடக்கினோம்.

கேள்வியின் வடிவத்துக்கு வருகிறேன். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் நாமக்கல் என்றோ சங்ககிரி என்றோ பதில் வரும். அது வண்டியின் ஊர், அல்லது அவருடைய சொந்த ஊர். சரக்கு புனேயில் ஏற்றியதாக இருக்கும். "அண்ணா, இந்த லோடு எங்கே ஏற்றினீர்கள்? எங்கே இறக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் சரியான பதில் வரும். "பெங்களூர்" என்றால் அங்கே விடக் கூடாது. பீன்யாவா, நெலமங்கலாவா, ஒயிட்ஃபீல்டா என்று அடுத்து கேட்க வேண்டும். பதிவெண்ணை வைத்து ஊரை ஊகிப்பதும் உதவாது. என்.எல். என்று தொடங்கும் வண்டிகள் இந்தச் சாலையில் நிறையப் போகின்றன. அவற்றில் எதுவும் நாகாலாந்திலிருந்து சரக்கு கொண்டுவந்ததாக எங்களுக்குத் தெரியவரவில்லை.

காலி வண்டிகளை விட்டுவிடலாம் என்று பேட்டி எடுக்கும் மாணவர்களுக்குத் தோன்றும். எழுத ஒன்றுமில்லையே என்பார்கள். எனக்கு அவைதான் முக்கியம். கடைசியாக எங்கே இறக்கினார், அடுத்த லோடு எங்கே எடுக்கப் போகிறார், லோடு உறுதியாகிவிட்டதா அல்லது போய்க் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்விகளைக் காலி வண்டிகளுக்கென்றே தனியாக வைத்தோம். ரிட்டன் லோடுக்காகச் சாலையோரத்தில் காத்துக் கிடக்கும் நேரத்தைப் பற்றி ஓட்டுநர்கள் கொட்டித் தீர்த்தார்கள். கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் உள்ள நிறுத்துமிடம் எங்கே வேண்டும் என்பதற்கு அந்தப் பதில்களைவிட நல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

எடையைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிடும். பக்கத்தில் காவலர் நிற்கிறார், கையில் தாளோடு ஒருவர் எத்தனை டன் என்கிறார். அபராதம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2018-இல் அச்சு எடை வரம்பை, அதாவது சக்கரங்கள் பூட்டிய ஒவ்வோர் அச்சும் சுமக்கலாம் என்ற எடையை, உயர்த்தினார்கள். நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகக் கூடியது. அப்படியும் பயம் போகவில்லை. எங்களுக்கு இந்த எண் தேவைப்படுவதற்கு வேறு காரணம் உண்டு. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. எடையைக் குறைத்துச் சொன்னால் சாலையை மெல்லியதாகப் போட்டுவிடுவார்கள்; அதன் குழியில் விழப் போவதும் இதே லாரிகள்தான். ஓட்டுநர்களிடம் இதை இப்படியே சொன்னோம். பதிவெண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்று படிவத்தைக் காட்டினோம். காவலரிடம், வண்டியை ஒதுக்கிவிட்டதும் பத்தடி தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு வந்த பதில்களில் இருந்த வேறுபாடு அன்றைய படிவங்களிலேயே தெரிந்தது.

டன்னில் சொல்லத் தெரியாத சரக்குகளும் உண்டு. கிரானைட் ஏற்றியவர் "இத்தனை மீட்டர்" என்பார், அது கனமீட்டர். ஒரு கனமீட்டர் கல் 2.7 டன்னிலிருந்து 3 டன் வரை வரும். சிமெண்ட் மூட்டையில் இருபது சேர்ந்தால் ஒரு டன். தக்காளி கிரேட் கணக்கு, அதாவது பெட்டிக் கணக்கு. ஒரு கிரேட்டில் எத்தனை கிலோ என்பது மண்டிக்கு மண்டி மாறுவதால், பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் முன்பே போய் விசாரித்து வைத்துக்கொண்டோம். ஓசூரிலிருந்து இருசக்கர வாகனங்களை ஏற்றிப் போகிறவர் எண்ணிக்கையைத்தான் சொல்வார். எனவே படிவத்தில் டன்னுக்கு ஒரு கட்டமும், அவர் சொன்ன அளவை அப்படியே எழுத இன்னொரு கட்டமும் வேண்டும். மாற்றும் வேலையைச் சாலையோரத்தில் செய்யக் கூடாது. அதற்கு அறை இருக்கிறது.

மொழியும் அப்படித்தான். இந்தச் சாலையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஓடுகின்றன. ராஜஸ்தான், ஹரியானா ஓட்டுநர்களிடம் தமிழில் கேட்டுத் தலையாட்டலைப் பதிலாக எழுதுவதில் பயனில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இந்தி பேசும் ஒருவரும் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஒருவரும் இருக்க வேண்டும். ஓசூர், பர்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டிலேயே வந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவதைவிட உள்ளூர் பாலிடெக்னிக் மாணவர்களைச் சேர்த்தது நூறு மடங்கு நல்லதாகப் போயிற்று.

இரவு ஷிஃப்டைப் பற்றிச் சமரசம் வேண்டாம். பெங்களூரு நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், தொலைதூர லாரிகளில் பெரும்பகுதி இருட்டிய பிறகுதான் எங்கள் நிலையங்களைக் கடந்தது. பகலில் பால் வண்டி, காய்கறி ஏற்றிய சிறு வண்டி, ஜல்லி டிப்பர் ஆகியவையே அதிகம். பகல் பேட்டிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இந்தச் சாலை உள்ளூர்ச் சரக்குக்கானது என்ற தவறான படம் வரும். அதனால்தான் பேட்டிக்குழுவோடு எண்ணும் குழு ஒன்றும் இருபத்து நான்கு மணி நேரமும் உட்கார வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மணி நேரத்தில் பத்துச் சக்கர வண்டிகள் 120 கடந்து, அவற்றில் 24-ஐ மட்டும் நிறுத்திக் கேட்டிருந்தால், அந்த ஒவ்வொரு பேட்டியும் ஐந்து வண்டிகளுக்குச் சமம். இந்தப் பெருக்கலை வண்டி வகை வாரியாக, மணி வாரியாக, திசை வாரியாகத் தனித்தனியே போட வேண்டும். மொத்தமாக ஒரே எண்ணால் பெருக்கினால் இரவு முழுக்கக் கண்விழித்ததற்கு அர்த்தமே இல்லை.

நிறுத்தும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் காவலரின் விருப்பத்துக்கு விடக் கூடாதது. மெதுவாக வருபவற்றை, பழையவற்றை, உள்ளூர் எண் உள்ளவற்றைத்தான் கை தானாக நிறுத்தும். ஒதுங்குமிடம் காலியானதும் அடுத்து எந்த லாரி வருகிறதோ அதையே ஒதுக்கச் சொன்னோம்.

படிவங்களை அன்றன்றே சரிபார்த்துவிட வேண்டும். எழுதியவர் கண்ணெதிரே இருக்கும்போதுதான் ஐயம் தீரும். காவேரிப்பட்டணமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கமும் அவசரக் கையெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. தெலங்கானாவிலும் ஒரு தர்மபுரி இருக்கிறது. பக்கத்து ஊர்களைத் தாலுகா வாரியாகவும், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளை மாவட்ட வாரியாகவும், தொலைவான இடங்களை மாநில வாரியாகவும் மண்டலங்களாகப் பிரித்து முன்கூட்டியே எண் கொடுத்திருந்ததால் இந்த வேலை விரைவாக முடிந்தது. ஓசூரை மட்டும் தாலுகாவாக விடாமல், சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியைத் தனி மண்டலமாக்கினோம்.

நாங்கள் எடுத்தது மாம்பழப் பருவம் இல்லாத மாதத்தில். மே முதல் ஜூலை வரை மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிவரும் வண்டிகள் இதே சாலைகளில் வரிசை கட்டி நிற்கும். அந்தப் படம் எங்கள் கணக்கில் இல்லை. காவேரிப்பட்டணம், பர்கூர் நிலையங்களில் மட்டுமாவது ஜூன் மாதத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதற்கான கடிதங்களை மார்ச்சிலேயே கொடுத்துவிட வேண்டும்.