ஜூலனுக்காக எடுத்த டிக்கெட்

செப்டம்பர் 15, 2022
பிரிஸ்டலிலும் தோல்வி. மகளிர் டி20 தொடர் 2-1 என்று இங்கிலாந்துக்குப் போய்விட்டது. சரி, போகட்டும். நம் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி ஆடப்போவது ஒருநாள் போட்டிகளில்தானே. இந்தத் தொடரோடு அவர் ஓய்வு பெறுகிறார்.

செப்டம்பர் 18
ஹோவ் (Hove) மைதானத்தில், முதல் ஒருநாள் ஆட்டத்தில் எளிதான வெற்றி. ஸ்மிரிதி 91. எனக்கு அதைவிட ஜூலனின் பத்து ஓவர்தான் பிடித்தது: 20 ரன், ஒரு விக்கெட். 39 வயதில்!

செப்டம்பர் 21
கேன்டர்பரி ஆட்டத்தை அடுப்படியில் போனை நிறுத்திவைத்துப் பார்த்தேன். கேப்டன் ஹர்மன்பிரீத் சதமடிக்கச் சரியாக 100 பந்து. இனி என்ன, முடியப்போகிறது என்று ரசத்துக்குத் தாளிக்கத் திரும்பினேன். அடுத்த 11 பந்தில் 43 ரன். கடுகு கருகியதுதான் மிச்சம். இந்தியா 333. இங்கிலாந்து மண்ணில் 1999-க்குப் பிறகு இப்போதுதான் ஒருநாள் தொடரை வெல்கிறோம்.

செப்டம்பர் 24, லார்ட்ஸ்
ஜூலனின் கடைசி ஆட்டம். டாஸுக்கு ஹர்மன்பிரீத் அவரையும் கூட்டிவந்தார். நம் பேட்டிங் 169-இல் சுருண்டது. ஜூலன் இறங்கியபோது இங்கிலாந்து வீராங்கனைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். முதல் பந்திலேயே போல்டு. அவர் பந்து வீச வந்ததும் என் பக்கத்து வரிசை முழுக்க எழுந்து நின்றது. கேட் கிராஸின் ஸ்டம்ப் சாய்ந்தது அவருடைய 255-வது ஒருநாள் விக்கெட். 2002 ஜனவரியில் சென்னையில், இதே இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியவர்.

அப்புறம்தான் அது நடந்தது. இங்கிலாந்தின் கடைசி ஜோடி, இன்னும் 17 ரன் வேண்டும். பந்து வீச வந்த தீப்தி ஷர்மா சட்டென்று திரும்பி பெயிலைத் தட்டினார். பந்து வீசும் முனையில் நின்ற சார்லி டீன் கிரீஸுக்கு வெளியே. என்னவென்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்ததும் ஒரே கூச்சல். 47 ரன் எடுத்து, தனியாளாக ஆட்டத்தை இழுத்துவந்த பெண் அழுதுகொண்டே கைகுலுக்கினார். பாவம்தான். ஆனாலும் அவுட் அவுட்தான். 3-0.

செப்டம்பர் 26
அலுவலகத்தில் காலையிலிருந்து மன்கட் பஞ்சாயத்து; தீப்தி செய்ததுபோல, பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டவரை அவுட் ஆக்குவதற்கு அதுதான் பெயர். இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற விதியிலிருந்து 'ரன் அவுட்' விதிக்கு மாற்றுகிறார்கள், அக்டோபர் 1 முதல் அமல், மாற்றியது கிரிக்கெட் விதிகளை வகுக்கும், லார்ட்ஸையே வைத்திருக்கும் எம்.சி.சி. கிளப் என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. ஜூலனின் கடைசி ஓவரைப் படம் எடுத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா என்றேன். "அதை விடு, தீப்தி செய்தது சரியா?" என்றார் ஒருவர்.