நெஞ்சு நடுவில் மறுபடி முடிச்சு: ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் மருந்து வேண்டாம்

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வழக்கமான சிடி ஸ்கேனில், மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர் முடிச்சு பெருத்திருப்பதாக ரிப்போர்ட் வரும். உடனே வீட்டில் "நாலாவது ஸ்டேஜ்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் நோய் மார்புக்குள் உள்ள முடிச்சுகளோடு நின்றிருந்தால், குணப்படுத்தும் நோக்கத்தோடே சிகிச்சை தர இன்னும் இடமிருக்கிறது.

முதலில், அது புற்றுநோய்தானா என்று தெரிய வேண்டும். டிபியும், சார்காய்டோசிஸ் என்ற புற்றுநோய் அல்லாத அழற்சி நோயும்கூட, புற்றுநோயைத் தேடும் பெட் (PET) ஸ்கேனில் அப்படியேதான் ஒளிரும். அதற்குத்தான் ஈபஸ் (EBUS) என்ற பரிசோதனை. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கும். முடிச்சைத் திரையில் பார்த்தபடியே ஊசி குத்தி எடுப்பார்கள். குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எடுத்ததில் கொஞ்சம், டிபி கிருமியைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டுக்கும் போகட்டும். மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவை ஒட்டிய முடிச்சுகளுக்கு இந்த ஊசி எட்டுவது கஷ்டம். இடது மேல் மடலை எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். அப்போது சிடி பார்த்து ஊசி, இல்லையென்றால் சின்ன துளை ஆபரேஷன்.

கூடவே, நோய் மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ. எந்த மருந்து பொருந்தும் என்று தெரிய, புற்றுத் திசுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றங்களுக்கும் பிடிஎல்1 என்ற புரதத்துக்கும் பரிசோதனைகள். ஊசியில் வந்த திசு போதவில்லையென்றால், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி லேபில் பழைய பாரஃபின் பிளாக் (அப்போது எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) இருக்கும். கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். வெறும் ஸ்லைடு கொடுத்தால், பிளாக்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே மார்பில் கதிர்வீச்சு வாங்காதவர்களுக்கு வழக்கமான திட்டம்: 30 தவணையில் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். கூடவே வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள். அளவைக் கூட்டினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 74 கிரே கொடுத்துப் பார்த்த ஆர்டிஓஜி 0617 ஆய்வில் ஆயுள் கூடவில்லை, குறைந்தது.

நடுவில் நாள் விட்டால் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகும். ஐப்பசி மழையோ பொங்கல் லீவோ குறுக்கே வந்தால், மிஷின் ரிப்பேரானால், விட்டுப்போன தவணையை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அடையாறில் சிகிச்சை, வீடு கும்மிடிப்பூண்டியில் என்றால், ஆறு வாரமும் பக்கத்தில் ரூம் எடுப்பதே மேல்.

மூன்றாவது வாரவாக்கில் உணவுக்குழாய் புண்ணாகி, தண்ணீர் விழுங்கினாலே எரியும். மிளகு ரசம், ஊறுகாய், சூடான காபி எல்லாம் நிறுத்தம். குழைந்த மோர் சாதம், இளநீர், ஆறிய கஞ்சி. சாப்பாட்டுக்கு முன் டாக்டர் தரும் மரத்துப்போகும் ஜெல். பட்டினி கிடந்து எடை இறங்கினால் கதிர்வீச்சுத் திட்டத்தையே மாற்றிப் போட வேண்டி வரலாம்.

முடிந்தபின் இரண்டு வழி. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லாதவர்களுக்கு ஒரு வருஷம், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டுர்வாலுமாப் மருந்து. இருப்பவர்களுக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை. 2024இல் வந்த லாரா ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் 39 மாதம்; எடுக்காதவர்களுக்கு ஆறு மாதம்கூட இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் ஆபரேஷன் செய்ய முடியாத மூன்றாம் ஸ்டேஜ்காரர்கள். அந்த முடிவைத்தான் டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் பின் மறுபடி வந்த நோய்க்கும் நீட்டிப் பயன்படுத்துகிறார்கள். ஈஜிஎஃப்ஆர் ரிசல்ட் வரும்முன் அவசரப்பட்டு டுர்வாலுமாப் போட்டுவிட்டு, பின்னால் ஓசிமெர்டினிபுக்கு மாறினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரக்கூடும். பிளாக்குக்காக அலைவது இதற்காகவும்தான்.

முன்பே மார்பில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், பழைய கதிர்வீச்சுத் திட்டத்தைக் குறுந்தட்டில் முழுசாக வாங்கி வர வேண்டும். தண்டுவடம் எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் இரண்டாம் முறை யாரும் தொட மாட்டார்கள். சென்னை தரமணியில் 2019 முதல், எக்ஸ்ரே கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களால் சிகிச்சை தரும் புரோட்டான் மையம் இருக்கிறது. அது எல்லோருக்கும் தேவைப்படாது.

கதிர்வீச்சு முடிந்த ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், பனிக்காற்றுச் சளி என்று ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். தெருமுனை டாக்டரிடம் போனாலும் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லுங்கள். அது கதிர்வீச்சு அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு வேண்டும். இருமல் நின்றதும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் மறுபடி கிளம்பும். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.